பழக்கமா? வணக்கமா?

கல்வி தேடி அயல்நாடு செல்லும் நம் பிள்ளைகளில் பலர், முதற் சில மாதங்களில் வீட்டாரிடம் ஏறத்தாழ ஒரே விதமாகவே பேசுகிறார்கள். 'ஐவேளைத் தொழுகைதான் என்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அது இல்லாவிட்டால் என்றோ ஊர் திரும்பியிருப்பேன்' என்பதே அப்பேச்சின் சாரம். கேட்கும் உம்மாவும் வாப்பாவும் அல்ஹம்து லில்லாஹ் என்று கண் கலங்குகிறார்கள். கலங்குவது நியாயமே. ஆயினும் அந்தச் சொல்லுக்குள் ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது. அந்தப் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பது தொழுகையா? அல்லது ஒரே காரியத்தை நாள்தோறும் உரிய வேளையில் செய்து வரும் பழக்கமா?

காலையில் அதே கடையில் அமர்ந்து அதே தேநீரைக் குடிப்பதிலும் அயலூரானுக்கு ஓர் ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது. கடைக்காரன் அவனைக் கண்டதும் கேளாமலே குவளையை நீட்டுகிறான். அந்த ஒரு கணம் அவன் அந்நியன் அல்லன். இந்த ஆறுதல் தொழுபவனுக்கும் கிடைக்கிறது, தொழாதவனுக்கும் கிடைக்கிறது. தொழுகையில் நாம் பெறும் நிம்மதியும் இந்தத் தேநீர்க் குவளையின் இனத்தைச் சேர்ந்ததுதானோ? அப்படியாயின் அதை வணக்கத்தின் பலன் என்று நாம் சொல்லிக்கொள்வது எப்படிப் பொருந்தும்?

இக்கேள்வி ஐம்பது, அறுபது ஆண்டுகளாகத் தொழுது வரும் நம் வீட்டுப் பெரியவர்களையும் தொடுகிறது, நம்மையும் தொடுகிறது. எனினும் ஊரில், சொந்த மஹல்லாவில், பழக்கத்தையும் வணக்கத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினம். பாலில் நீர் கலந்ததுபோல் இரண்டும் ஒன்றாகிக் கிடக்கின்றன. அரபு மொழி பயில அரபு நாட்டுக்குச் செல்லும் தமிழ் மாணவனிடத்திலோ அவை தனித்தனியே தெரியத் தொடங்குகின்றன. அது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

நம்நாட்டு அரபுக் கல்லூரி ஒன்றில் ஏழாண்டு ஓதிப் பட்டம் பெற்ற ஓர் இளைஞன் மேற்படிப்புக்காகக் கெய்ரோ சென்று இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஸர்ஃபும் நஹ்வும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் ரொட்டிக் கடைக்குப் போய் 'குப்ஸ்' என்று கேட்டால் கடைக்காரன் புன்னகைக்கிறான். எகிப்தில் ரொட்டிக்கு 'அய்ஷ்' என்று பெயர். வாழ்வு என்று பொருள்படும் சொல்லை அம்மக்கள் ரொட்டிக்குச் சூட்டியிருக்கிறார்கள். 'வேண்டும்' என்பதற்கு நூலில் ஒரு சொல், தெருவில் வேறொரு சொல். காஃப் எழுத்துப் பல சொற்களில் விழுங்கப்பட்டு, 'கல்ப்' என்ற இதயம் 'அல்ப்' ஆகிவிடுகிறது. ஜீம் எழுத்தோ, நம் தமிழில் 'அங்கே' என்னும்போது ஒலிக்கும் ககரம் போல் ஒலிக்கிறது. வகுப்பில் ஆசிரியர் நூல்வழக்கில் பேசத் தொடங்கி, மாணவர் சிரிக்கும்படியான இடம் வந்ததும் பேச்சுவழக்குக்கு மாறிவிடுவார். எல்லோரும் சிரிக்கும்போது நம்மவன் மட்டும் அரை விநாடி தாமதித்துச் சிரிப்பான். ஊரில் 'மௌலவி' என்று மதிக்கப்பட்டவன், இங்கே பேருந்தில் இறங்குமிடம் கேட்கத் தடுமாறுகிறான். வெட்கத்தினால் சில நாள் வாய் திறவாமலே கழித்துவிடுபவர்களும் உண்டு.

இந்த நிலையில் மாலையில் ஒரு கடை வாசலைக் கடக்கிறான். வானொலியில் ஷெய்கு மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி அவர்களின் கிராஅத் ஒலிக்கிறது. குர்ஆன் முழுவதையும் முதன்முதலில் ஒலிப்பதிவில் ஓதித் தந்தவர் அவர். அது 1961ஆம் ஆண்டின் செய்தி. குர்ஆனுக்கென்றே தனி வானொலி கெய்ரோவில் 1964இல் தொடங்கப்பட்டது. அந்தக் குரல் நம் ஊர் வீடுகளிலும் ஒலிநாடாவாகச் சுழன்ற குரல். ஸுப்ஹுக்குப் பின் உம்மா அடுக்களையில் இருக்க, கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்த குரல். இளைஞனின் நெஞ்சு இளகிவிடுகிறது. பாங்கு சொல்லப்படுகிறது, பள்ளியில் நுழைகிறான், இமாம் ஃபாத்திஹா ஓதுகிறார். அந்த நகரத்திலேயே அவனுக்கு ஒரு தடுமாற்றமும் இல்லாத அரபு அது ஒன்றுதான்.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். பொருள் தெரிந்து கற்ற அரபு அவனைக் கைவிட்டது. பொருள் அறியாப் பிள்ளைப் பருவத்தில் உம்மாவின் மடியில் செவிவழி வந்த அரபு அவனுக்கு வீடாக நின்றது. அந்த நேரத்தில் அவன் கண்ணில் வரும் நீர், அல்லாஹ்வை நினைந்து வருவதா, உம்மாவை நினைந்து வருவதா? அவனைக் கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

வீட்டை நினைப்பது குற்றமா என்றால், இல்லவே இல்லை. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த புதிதில் அபூபக்கர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் காய்ச்சலில் விழுந்த செய்தி புகாரியில் இருக்கிறது. காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கே முளைக்கும் வாசனைப் புல்லையும் நினைந்து கவி பாடுவார்கள். அந்த மக்காவில்தான் சுடுமணலில் கிடத்தி அவர்களை வதைத்தார்கள்! இருந்தும் ஊர் ஊர்தான். அன்னை ஆயிஷா (ரலி) இதைத் தெரிவித்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவை நேசிப்பது போல, அல்லது அதைவிட மிகுதியாக, மதீனாவை எங்களுக்கு நேசத்துக்குரியதாக்குவாயாக என்ற கருத்தில் துஆச் செய்தார்கள். பழைய ஊரை மறக்கச் செய் என்று அவர்கள் வேண்டவில்லை என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

பழக்கமும் இழிவானதன்று. சிறிதாயினும் விடாது செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது நாம் எல்லோரும் அறிந்த நபிமொழியின் கருத்து. நோயினாலோ பயணத்தினாலோ வழக்கமான நற்செயல் ஒருவனுக்குத் தடைப்பட்டால், ஊரில் நலமாக இருந்து செய்தது போலவே அவனுக்கு நன்மை எழுதப்படும் என்றும் வந்திருக்கிறது. வழக்கத்துக்கு இத்தனை மதிப்பளித்த மார்க்கம் வேறு எது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவின் நாற்பது நூல்களை நான்கு கால்பங்குகளாக வகுத்தபோது, முதற்பங்கை வணக்கங்களுக்கு அளித்து, அடுத்த பங்கையே 'ஆதாத்' என்னும் வழக்கங்களுக்கு ஒதுக்கினார்கள். உண்பதும், பொருளீட்டுவதும், பயணம் போவதும் அப்பங்கில்தான் வருகின்றன. இரண்டும் அடுத்தடுத்த வீடுகள். இடையே கதவு உண்டு. அவர்களே எழுதிய பிதாயத்துல் ஹிதாயாவில், விழித்தெழுவது முதல் உறங்கப்போவது வரை ஒரு நாளை எப்படி ஒழுங்காக்குவது என்று வரிசையாகச் சொல்லித் தருகிறார்கள். ஊர்விட்டு ஊர் சென்று ஓதும் பிள்ளைகளின் பெட்டியில் அந்தச் சிறு நூல் இருப்பது நல்லது.

அப்படியானால் பழக்கத்தில் எங்கே பிழை நுழைகிறது? பழக்கம் மனிதனை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

கெய்ரோவுக்கும் நம் ஊருக்கும் குளிர்காலத்தில் 3½ மணி நேர வேற்றுமை. அங்கே ஸுப்ஹுக்குப் பாங்கு சொல்லும்போது இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாயிற்று. நம் மாணவன் இரவெல்லாம் செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் நேரத்தில் வாழலாம். முன்பு கடிதம் போய்ச் சேர வாரக்கணக்காகும். இப்போது உம்மா ஆணம் தாளிப்பதை முகம் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அறைத் தோழர்களும் தமிழர்கள். சமையல் நம் சமையல். வெள்ளிக்கிழமை மாலை நம்மவர் கூட்டம். இதுவும் ஒரு தினசரி ஒழுங்குதான்; இதிலும் ஆறுதல் உண்டு. நான்காண்டு கழித்துப் பட்டத்தோடு திரும்பும் சிலர், ஒரு எகிப்தியனோடு கால்மணி நேரம் தட்டுத்தடையின்றிப் பேச முடியாதிருப்பதற்குக் காரணமும் இந்த ஆறுதல்தான். நாளுக்கு ஒருவேளை நம் சோறு உண்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வயிறும் ஒரு அமானிதம் அல்லவா? ஆனால் மூன்று வேளையும் ஊரையே உண்டுகொண்டிருப்பவன் எதற்காகக் கடல் கடந்தான்?

தொழுகையின் ஒழுங்கு இந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அதன் நேரங்களைப் பாருங்கள். அது கடிகாரத்தில் கட்டப்படவில்லை, சூரியனில் கட்டப்பட்டிருக்கிறது. அதுவும் தொழுபவன் நிற்கும் மண்ணின் சூரியனில். ஊர் நேரத்துக்குக் கெய்ரோவில் எவரும் லுஹர் தொழ முடியாது. ஜெர்மனிக்கு மொழி படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். பெர்லினில் டிசம்பர் மாதம் மாலை 4 மணி அடிக்கும் முன்பே மக்ரிப் வந்துவிடுகிறது. ஜூன் மாதத்திலோ இரவு 9½ மணி ஆனாலும் சூரியன் மறைவதில்லை. காயல்பட்டினத்து வாசலில் கற்ற வழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோக இயலாது. ஒளு ஒன்றே, ரக்அத்துகள் அவையே, நேரமோ அந்நாட்டினுடையது. ஆகவே தொழுகையில் ஆறுதல் தேடும் மாணவன், அறிந்தோ அறியாமலோ தான் வந்திறங்கிய நாட்டின் விடியலையும் அந்தியையும் கவனித்தே ஆக வேண்டியிருக்கிறது.

மொழி பயிற்றுவோரும் இதே வழியைத்தான் பிடித்திருக்கிறார்கள். வாணியம்பாடியில் 1933ஆம் ஆண்டு பிறந்து, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபியர் அல்லாத மாணவர்க்கு அரபு கற்பித்து, 2023இல் மறைந்த டாக்டர் வி. அப்துர் ரஹீம் அவர்களின் 'துரூஸுல் லுகத்தில் அரபிய்யா'வை உலகெங்கும் ஓதுகிறார்கள். நம் மாவட்டத்து மனிதர் ஒருவர் எழுதிய நூல் என்று பலருக்குத் தெரியாது. அதன் தொடக்கப் பாடங்களில் இலக்கணச் சூத்திரங்கள் இல்லை. வீடு, கதவு, சாவி, கட்டில், பேனா என்று கைக்கெட்டும் பொருள்களே வருகின்றன. ஆம், ஒருவன் காலையில் கண் விழித்தவுடன் காண்பவை அவைதாம். தன் நாளையே அந்த மொழியில் பெயரிட்டு வருபவனுக்கு மொழி கதவு திறக்கிறது. அன்றாடத்தை ஊர்ப்பேச்சில் பூட்டி வைத்தவனுக்கு எத்தனை பெரிய நூலும் உதவாது. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் ஆணைப்படி யூதர்களின் எழுத்தை அரை மாதத்தில் கற்றுத் தேறினார்கள் என்பதை மேடைகளில் எடுத்துச் சொல்கிறோம். அது அவர்களுக்கு வாய்த்த அருள். நம் பிள்ளைகளுக்கு ஆண்டுகள் ஆகும். அதை மனத்தில் கொண்டு பெற்றோர் அவசரப்படாதிருக்க வேண்டும்.

இனித்தான் கடினமான பகுதி வருகிறது.

ஓராண்டு போல் ஆனதும் அம்மாணவனுக்கு ஒரு புதுத் தொல்லை தோன்றுகிறது. இதுவரை நிம்மதி தந்துவந்த ஓதல் நிம்மதி தர மறுக்கிறது. மொழி விழித்துக்கொண்டுவிட்டதே காரணம். இமாம் ஓத ஓத, இது வினை, இது எழுவாய், இது ஏன் முன்னே வந்தது என்று மனம் பகுத்துக்கொண்டே போகிறது. ருகூவுக்குக் குனியும்போதுதான் தன் உள்ளம் வகுப்பறையில் இருந்தது தெரிகிறது. 'முன்பு பொருள் அறியாமல் தொழுதபோது உருகினேன். இப்போது அறிந்து தொழும்போது வறண்டு கிடக்கிறேன்' என்று இவர்கள் அஞ்சுகிறார்கள். இதை வெளியே சொல்லவும் கூசுகிறார்கள். இந்த அச்சம் உண்மையானது. இதைச் சிரித்துத் தள்ளுபவர் அதன் வழியே போகாதவர்.

முன்பு கண்ட உருக்கம் பொய்யா? பொய் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. சொன்னால், பொருள் தெரியாமலே நெற்றி தேயத் தொழுது கபுறுக்குப் போன நம் மூதாட்டியர் அனைவரையும் நாம் பழித்தவர்களாவோம். ஒலியைச் சுமந்து வந்து பேரப்பிள்ளைகளின் நாவில் வைத்தவர்கள் அவர்களே. அவர்கள் சேர்த்து வைக்காவிட்டால் இந்த மாணவனுக்குப் பொருள் பார்ப்பதற்கென ஒன்றும் இருந்திராது. அவர்களுக்கு அளிக்கப்பட்டது எதுவோ, அதைக் கொண்டு அவர்கள் நிறைவாக நின்றார்கள். ஆனால் இவனுக்கு அதற்கு மேலும் அளிக்கப்பட்டுவிட்டது. அறிந்த பின் அறியாமைக்குத் திரும்பிப் போய் அதன் இனிமையைத் தேட வழியில்லை. தேடுபவன் குரலின் இனிமையில் மட்டும் தங்கிவிடுவான். அழகாக ஓதும் இமாமைத் தேடிப் பள்ளி பள்ளியாக அலைவான்.

பகுத்துப் பார்க்கும் அந்த மனத்தை விரட்ட வேண்டியதில்லை. ஓரடி முன்னே நடத்திவிட்டால் போதும். 'இய்யாக்க நஃபுது' என்பதில் 'உன்னை' என்னும் சொல் வினைக்கு முன்னே வந்திருக்கிறது. அவ்வாறு முன்வந்தால் 'உன்னை மட்டும்' என்று பொருள் இறுகும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். நம் தமிழ் அதே வேலையை ஓர் ஏகாரத்தால் செய்துவிடுகிறது: 'உன்னையே.' இதை இலக்கணக் குறிப்பாக எழுதிவைத்துத் தேர்வில் மதிப்பெண் வாங்கலாம். தொழுகையில் நின்றுகொண்டு அந்த ஏகாரத்தை நினைத்தால், அடுத்த கேள்வி தானே எழும். நான் உன்னையே வணங்குகிறேனா, அல்லது உன்னை வணங்குவதில் கிடைக்கும் நிம்மதியையா?

அடுத்து வரும் வேண்டுதலில் 'எங்களுக்கு' நேர்வழி காட்டு என்கிறான். தனித்து நின்று தொழும்போதும் 'எனக்கு' என்று அங்கே சொல்ல முடியாது. ஊர்ப் பள்ளியில் 'எங்கள்' என்றால் யார் என்று யோசிக்க வேண்டியிருந்ததில்லை. வாப்பா, சாச்சா, அண்டை வீட்டார் என ஸஃப்பு முழுதும் தெரிந்த முகங்கள். அப்பாசிய்யாவில் அயல்நாட்டு மாணவர்க்கென அமைந்த அஸ்ஹரின் 'மதீனத்துல் புஊஸ்' விடுதிப் பள்ளியிலோ, வலத்தோளை ஒட்டி ஒரு நைஜீரியன், இடத்தோளை ஒட்டி ஓர் இந்தோனேசியன். முன் வரிசையில் காலையில் நம்மவனின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்த எகிப்தியனே நிற்கலாம். அவனையும் சேர்த்துத்தான் 'எங்களுக்கு.' பொருள் அறியாது ஓதியபோது அந்த வசனம் அவனைத் தூக்கிக்கொண்டு போய் உம்மாவின் அருகில் விட்டது. பொருளோ அவனை இந்த ஸஃப்பிலேயே, இந்த அந்நியர்களின் நடுவிலேயே நிறுத்தி, இவர்களுக்காகவும் கேள் என்கிறது. முதலில் அது ஆறுதலாகத் தோன்றாது. பழைய ஆறுதலைப் பறித்துக்கொண்டதாகவே தோன்றும். அந்த இடத்தில் விலகிப் போகாமல் நின்றவர்களுக்கு அந்நாடு அயல்நாடாக நெடுநாள் இருப்பதில்லை.

'தொழுகையால் எங்களுக்கு ஓய்வு தாரும்' என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பிலால் (ரலி) அவர்களிடம் கேட்டதை நாம் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம். கேட்டது யாரிடம்? அபிஸீனிய வழியில் வந்தவரிடம். மக்காவின் புல்லுக்கு ஏங்கியவரிடம். அவர் குரலெடுத்துத்தான் மதீனத்து மக்களெல்லாம் ஓய்வுக்கு அழைக்கப்பட்டார்கள்.

மொழிக்காக வீட்டை விட்ட பெரியோர் நம் மத்ஹபின் தலைவரே. குறைஷிக் குலத்தவரான இமாம் ஷாஃபிஈ (ரஹ்), அரபே தாய்மொழியாக இருந்தும், தூய அரபைக் கற்க இளமையில் பாலைவனம் சென்று ஹுதைல் கோத்திரத்தாரிடையே வாழ்ந்தார்கள். அவர்கள் இறங்கும் இடத்தில் இறங்கி, அவர்கள் புறப்படும்போது புறப்பட்டு, அவர்களின் அன்றாடத்தையே தம் அன்றாடமாக்கிக் கொண்டார்கள். ஹிஜ்ரி 204இல், அதாவது 820ஆம் ஆண்டில், எகிப்தில் மறைந்து கெய்ரோவிலேயே அடங்கியிருக்கிறார்கள். அங்கே ஓதும் தமிழ்ப் பிள்ளைகள் ஸியாரத்துக்குப் போய் நிற்கும்போது, அந்த இமாமும் மொழி பயிலப் போன மாணவர்தாம் என்று நினைத்துக்கொண்டால் நெஞ்சுக்குத் தெம்பாக இருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையிடம் 'தொழுதாயா, சாப்பிட்டாயா' என்று கேட்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டும் கேட்க வேண்டியவையே. கூடவே, 'இன்று யாரோடு பேசினாய்?' என்றும் கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகவாவது அவன் அறைக்கு வெளியே போவான்.

கல்வி தேடி வந்த இளைஞர்களை நபி (ஸல்) அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதற்கு மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களே சாட்சி. ஒத்த வயதினரான சில வாலிபர்கள் சேர்ந்து மதீனா வந்து இருபது இரவுகள் தங்கினோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். தொழுகைக்கு எழுவதும், பார்ப்பதும், பின்னே நின்று தொழுவதுமாக அந்த நாட்கள் சென்றன. இவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் இவர்கள் வாய் திறக்கும் முன்பே உணர்ந்துகொண்டு, வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, உங்கள் குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள், என்னை எப்படித் தொழக் கண்டீர்களோ அப்படியே தொழுங்கள் என்ற கருத்தில் சொல்லி அனுப்பினார்கள்.

பல்லாண்டுகளுக்குப் பின் மாலிக் (ரலி) பஸராவில் ஒரு பள்ளிவாசலுக்கு வந்தார்கள். இது தொழுகை நேரம் என்பதற்காக அன்று, நபி (ஸல்) அவர்கள் எப்படித் தொழுதார்கள் என்று உங்களுக்குக் காட்டவே தொழுகிறேன் என்று சொல்லித் தொழுது காட்டினார்கள். முதல் ரக்அத்தின் இரண்டாம் ஸுஜூதிலிருந்து எழும்போது நேரே நிமிர்ந்துவிடாமல், சற்று அமர்ந்து, பிறகு எழுந்தார்கள். ஹனஃபி மத்ஹபில் அதை ஸுன்னத்தாகக் கொள்வதில்லை. அது வேறு பேச்சு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈகளான நம்மவர்கள் இன்றும் அவ்விடத்தில் ஒரு நொடி அமர்ந்தே எழுகிறார்கள். 'ஜல்ஸத்துல் இஸ்திராஹத்', இளைப்பாறும் இருப்பு என்று அதற்குப் பெயர். அதை நமக்கு அறிவித்துச் சென்றவர், இருபதாம் இரவில் வீட்டு நினைவு வந்த அந்த வாலிபர்தாம்.